நீலப் புடவைச் சிரிப்பு

ராதாகிருஷ்ணன் கடிகாரம் பார்ப்பதை விட்டு நாளாகிவிட்டது. எண்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்விட்டன. ஆனால் 'அலை எட்டு' சேனல் போகவில்லை. பக்திப் பாட்டு வந்தால் பல் துலக்குவார். சமையல் நிகழ்ச்சி வந்தால் இரண்டாவது கோப்பி கேட்பார். டாக்டர் வந்து உட்கார்ந்தால் மாத்திரை. பிள்ளைகள் நிகழ்ச்சி என்றால் வாசல் காற்று. மாலைச் செய்தி என்றால் குளியல். பொதுத் தொலைக்காட்சி என்பதால் அதில் எல்லாருக்கும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, தினமும் அதே வரிசையில். இந்த மாறாத வரிசையைக் கிண்டல் செய்யாதவர்கள் கிள்ளானில் குறைவு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கோ, நினைவு கரையக் கரைய, அந்த வரிசைதான் பிடித்து நடக்கும் கைப்பிடி. வேறு சேனல் மாற்றினால் பதறிவிடுவார்.

ஒரு நாள் காலை கிள்ளான் பாசார் சந்தையில் மனைவி புஷ்பவல்லி மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனை வெட்டக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் நின்றவரைக் காணோம். அந்தத் தெரு, அடுத்த தெரு, கோயில், கொமுட்டர் ரயில் நிலையம் என்று இருட்டும்வரை அலைந்தாள். போலீசில் ரிப்போர்ட் செய்தாள். கேமராக்களைப் பார்க்கிறோம் ஆன்டி, ஆனா கொஞ்சம் நேரமாகும் என்றார்கள்.

அன்று இரவு முழுக்க அவள் ஒரே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தாள். எங்கே போனாலும் அவர் ஒரு டிவி முன்னால்தான் போய் உட்காருவார். உட்கார்ந்தால் அலை எட்டு வைக்கச் சொல்லிக் கேட்பார். அப்படியென்றால், அவரை யாரோ பார்த்துச் சொல்வதற்காகக் காத்திருப்பானேன்? அலை எட்டுக்குள் நுழைந்து அவரிடமே பேசிவிடலாம். ஒரே ஒரு வரி போதும்: "ஏங்க, இருக்கற இடத்துலயே இருங்க, நான் வரேன்."

அவள் சொன்னால் அவர் கேட்பார். அதை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

விடிந்ததும் அலை எட்டு நிலையத்துக்குப் போன் செய்தாள். காலை நேரலை நிகழ்ச்சியில் காணாமல் போனவர்களுக்கென்று ஒரு சின்னப் பகுதி இருந்தது. தயாரிப்பாளர் ஜனகா ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "போலீஸ் ரிப்போர்ட்டும் ஃபோட்டோவும் எடுத்துக்கிட்டு நேரா வந்துடுங்க ஆன்டி. கடைசி ஐட்டம் உங்களுது."

புஷ்பவல்லி பீரோவிலிருந்து அடர்நீலப் புடவையை எடுத்துக் கட்டினாள். முகம் மறந்தாலும் நிறம் மறக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் புடவையை அவர்தான் வாங்கித் தந்தார். கிடைத்த முதல் ரயிலைப் பிடித்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் பின்தெருவில் இருந்த நிலையத்துக்கு நடந்தாள்.

வாசலில் அவளை அழைத்துப் போனவன் கௌசிகன், ஃப்ளோர் மேனேஜர். காதில் கருவி, கையில் பாதி கடித்த ரோத்தி, முகத்தில் ஓயாத உற்சாகம். தன் தொழிலை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கும் ஆள்.

"நான் யாருன்னா ஆன்டி, மேல கன்ட்ரோல் ரூம்ல இருக்கறவங்களுக்கு இங்க கை காலெல்லாம் நான்தான். அவங்க காதுல பேசுவாங்க, நான் கையைக் காட்டுவேன். இப்படி விரலைச் சுத்துனா சீக்கிரம் முடிங்கன்னு அர்த்தம். இப்படி ரப்பர் இழுக்கற மாதிரி காட்டினா இழுத்துப் பேசுங்க."

"எனக்கு இழுக்கறதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. ஒரு வரிதான்."

"ஒரு வரியா? அப்ப நீங்கதான் எங்களுக்கு பெஸ்ட் கெஸ்ட்!"

புஷ்பவல்லி பல வருடம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவள். அங்கே பீங்கான் கைகள் சங்கிலியில் கோத்து வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி, அடுப்பில் காய்ந்து, அவள் முன்னால் வரும்போது கையுறையை உருவி எடுக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் தவறியதுதான். சங்கிலி அவளுக்காக நிற்காது. நேரலையும் அப்படித்தான் என்பது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நிகழ்ச்சிக்கு ஒரு நீளம் உண்டு. அதை ஒரு நொடிகூட இழுக்க முடியாது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சி நிற்கிறது. ஆகவே நடுவில் ஏதாவது ஒன்று வீங்கினால் வேறு ஒன்றை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது? விளம்பரதாரர் பணம் கட்டிய பகுதியைத் தொட முடியாது. பேசத் தொடங்கியவரைப் பாதியில் எழுப்ப முடியாது. இன்னும் தொடங்காதது ஒன்றுதான் மிச்சம். கடைசி ஐட்டம்.

அன்று ஒரு மேம்பாலத் திறப்பு விழாவுக்கு நேரடியாகப் போனார்கள். அமைச்சர் வந்துவிட்டார், ரிப்பன் வந்துவிட்டது, கத்தரிக்கோலைத்தான் காணோம். அதைத் தேடி முடிக்கும்வரை அறிவிப்பாளர் பாலத்தின் நீளத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அமைச்சர் பேசினார். கேமராவுக்குப் பக்கத்தில், முகத்தில் பவுடரோடு, மடியில் கணவரின் படத்தோடு புஷ்பவல்லி உட்கார்ந்திருந்தாள். கௌசிகன் அவளைப் பார்த்து உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தான். அவன் கற்றுத் தராத சைகை அது. ஆனாலும் புரிந்தது.

"மத்தியானம் டாக்டர் ப்ரோகிராம்ல போட்டுடறேன் ஆன்டி, ப்ராமிஸ்," என்று ஜனகா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லும் கையல்ல அது, உண்மையாகவே வியர்த்திருந்தது.

சமையல் நிகழ்ச்சி ஓடியது. அது முன்பே பதிவு செய்தது, அதற்குள் யாரும் நுழைய முடியாது. காத்திருப்பு அறையின் திரையில் ஒருத்தி நண்டு வதக்குவதைப் பார்த்தபடி, இப்போது அவர் இரண்டாவது கோப்பி கேட்டிருப்பார் என்று புஷ்பவல்லி நினைத்துக்கொண்டாள். யாரிடம் கேட்டிருப்பார்?

டாக்டர் வந்தார். அன்றைய தலைப்பு முடி உதிர்தல். நேயர்கள் போனில் கேட்கலாம். தலைப்புக்குத் தக்க கூட்டம். போன் ஓயவே இல்லை. சாலாக் செலாத்தானிலிருந்து பேசிய ஒருவர் பொடுகுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டுவிட்டு, தன் மச்சானுக்கும் அதே எண்ணெய் சரிப்படுமா என்று கேட்டார். மச்சான் தலையைப் பற்றிக் கொஞ்சம் விவரம் சொன்னார். கௌசிகனின் உள்ளங்கை மறுபடி கழுத்தைக் கடந்தது.

"தம்பி, நான் அந்த டாக்டருக்கே போன் போட்டு லைன்ல வந்திருந்தா இந்நேரம் பேசியிருப்பேன் போல."

"ஐயோ ஆன்டி, அப்படிலாம் பேசாதீங்க லா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

மத்தியானத்துக்குப் பிறகு 'சிரிப்பு மேடை'. தீபாவளி வாரம் என்பதால் வழக்கமாகப் பதிவு செய்யும் அந்த நிகழ்ச்சியையும் அன்று நேரலையாகப் போட்டார்கள். செந்தூலிலிருந்து ஒரு மன்றத்தார் பஸ்ஸில் பார்வையாளர்களாக வர வேண்டும். பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. காலி நாற்காலிகளைக் காட்டினால் எந்த நகைச்சுவையும் செத்துவிடும். எனவே எல்லா நிலையங்களும் செய்வதையே இவர்களும் செய்தார்கள்: மேக்கப் பெண், காவலர், காத்திருப்பு அறையில் இருந்தவர்கள், அகப்பட்ட அத்தனை பேரையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். புஷ்பவல்லியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த கௌசிகன், காதில் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஆன்டி, முன்னால வாங்க. டைரக்டருக்கு அந்த நீலப் புடவை வேணுமாம். ஸ்க்ரீன்ல சூப்பரா எடுபடுதாம்."

அவள் முன் வரிசைக்குப் போனாள். மேடையில் யாரும் இல்லை. நகைச்சுவைக்காரர்கள் உள்ளே ஒப்பனையில் இருந்தார்கள்.

"இப்ப எல்லாரும் சிரிங்க!" என்றான் கௌசிகன்.

"என்னத்துக்கு?" என்றார் காவலர்.

"சிரிப்ப முதல்ல எடுத்துருவோம் அண்ணே. ஜோக் அப்புறம்தான் வரும்." அவன் முகம் மலர்ந்தது, கேள்வி வந்துவிட்டதல்லவா. "கேமரா மேடையைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நீங்க இங்க எப்படிச் சிரிக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. பாதிப் பேர் சிரிக்கவே மாட்டீங்க, போன் பார்ப்பீங்க. அதனால நல்ல சிரிப்பா நாலஞ்சு எடுத்து வெச்சிக்குவோம். ஜோக் விழுற நேரம் பார்த்து பட்டனைத் தட்டினா போதும், வீட்ல இருக்கறவங்களுக்கு அது அப்பதான் சிரிச்ச மாதிரி இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். காவலர் இருமினார். புஷ்பவல்லி சிரிக்கவில்லை. கேமரா அவள்மேலேயே நின்றது. கௌசிகன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"ஆன்டி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. ஒரே ஒரு நல்ல சிரிப்பு குடுங்க. நானே ஜனகா மேடம்கிட்ட பேசறேன். ஷோ முடிஞ்ச அடுத்த நிமிஷம், மைக் உங்க கையில."

"சத்தியமா?"

"சத்தியமா."

எதை நினைத்துச் சிரிப்பது? அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அவர் அவளைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போய், தன் கிரேனைத் தூரத்திலிருந்து காட்டிக்கொண்டிருந்தார். படகிலிருந்து இறக்கிய கூடையிலிருந்து தப்பிய நண்டு ஒன்று அவருடைய சட்டைப் பையைக் கவ்விக்கொண்டது. புது மனைவி முன்னால் பதறக் கூடாது என்று அவர் அதைக் கவனிக்காதவர்போலவே, நெஞ்சில் நண்டு தொங்கத் தொங்க, கப்பல்களின் எடையைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார். முகத்தில் மட்டும் வியர்வை.

சிரிப்பு அவளுக்குள்ளிருந்து பொங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. தலை பின்னால் சாய்ந்தது, கண்ணில் நீர் முட்டியது. அரங்கமே அவளைப் பார்த்துச் சிரித்தது.

"பெர்ஃபெக்ட்!" என்றான் கௌசிகன்.

அந்தச் சிரிப்பை அன்று எத்தனை முறை தட்டினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மாமியார் வேடக்காரர் விழுந்தபோது வந்தது. குண்டு நடிகர் நாற்காலியை உடைத்தபோது வந்தது. மனைவியைத் தொலைத்துவிட்டு ஒருவன் கும்மாளம் போடும் நகைச்சுவைக்கும் அதுவே வந்தது. மேடையிலிருந்த கோமாளி ஒருவன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "அந்த ஆன்டிக்கு என்னய்யா குடுத்தீங்க? நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாலயே சிரிக்கறாங்க! எங்க வீட்டுக்கும் ஒரு பாட்டில் அனுப்புங்க!" என்றான். அதற்கும் அந்தச் சிரிப்பே பதில் சொன்னது.

கைதட்டல் நிற்கவில்லை, கோமாளி மறுபடி வந்து ஆடினான். நிகழ்ச்சி வீங்கியது. முடிந்த அடுத்த நொடி பிள்ளைகள் நிகழ்ச்சியின் பாட்டு தொடங்கிவிட்டது. கௌசிகன் இம்முறை கையைக் காட்டவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

காத்திருப்பு அறையில் ஜனகா அவளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து வைத்தாள். திரையில் ஆங்கில எழுத்துகளோடு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இடைவெளியில் புஷ்பவல்லியே திரையில் வந்தாள். தலையைச் சாய்த்துச் சிரித்தாள். 'தீபாவளிக்குச் சிரிக்கத் தயாரா?' என்றது ஒரு குரல்.

நிகழ்ச்சிகளுக்கு நடுவில் எப்போதும் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அவற்றை அடைக்க முன்னோட்டங்களை வெட்டி வைத்திருப்பார்கள். கணினி அவற்றை எடுத்துத் தானாகப் போட்டுக்கொண்டே போகும். அரங்கில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே யாரோ ஒருவர் அந்தச் சிரிப்பை எடுத்து முன்னோட்டம் செய்துவிட்டிருந்தார். திறமைசாலி. அந்த மாலையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அங்கே அவள் சிரித்தாள்.

புஷ்பவல்லிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கௌசிகனைத் தேடிப் போய்ச் சொன்னாள்: "தம்பி, நான் டிவில வந்துட்டேன்! அவரு பார்த்திருப்பாரு. புடவையைப் பார்த்திருப்பாரு. இனி எந்திரிச்சுப் போக மாட்டாரு."

"ஆமா ஆன்டி," என்றான் அவன். "கண்டிப்பா பார்த்திருப்பாரு."

ஜனகா செய்தி ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டாள். செய்தி அறையில் சண்டை போடுவது எளிதல்ல. அங்கே ஒவ்வொரு வரிக்கும் காவல் உண்டு. இருந்தும் வாங்கிவிட்டாள். வானிலைக்கும் வணக்கத்துக்கும் நடுவில், மாலைச் செய்தியில் ஒரு துண்டு இடம். சிவப்பு விளக்கு எரிந்தது. புஷ்பவல்லி லென்ஸைப் பார்த்தாள். பேசினாள்.

"ஏங்க. இருக்கற இடத்துலயே இருங்க. நான் வரேன்."

படமும் தொலைபேசி எண்ணும் வந்தன. வணக்கம் சொன்னார்கள். மறுநிமிடம் போன் அடித்தது.

எடுத்தவள் ஜனகா. கேட்டுக்கொண்டே கண் விரிய, ஒலிபெருக்கிப் பட்டனை அழுத்தினாள்.

"ஹலோ, நான் ஜெயராஜ் பேசறேன், சுங்கை பூலோ. கொமுட்டர் ஸ்டேஷன் பக்கத்துல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். இப்ப ஃபோட்டோ போட்டீங்களே, அந்த அங்கிள் என் கடையிலதான் இருந்தாரு."

புஷ்பவல்லி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்காரா?"

"காலையில கடை திறக்கறப்ப வாசல்ல உக்காந்திருந்தாரு ஆன்டி. பேரு கேட்டா சொல்லல. 'என் வைஃப் வருவா'ன்னு மட்டும் சொன்னாரு. கோப்பி குடுத்தேன், இட்லி குடுத்தேன். அலை எட்டு வைங்கன்னாரு, வெச்சேன். தங்கமான மனுஷன், அசையவே இல்ல. போலீசுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன், லஞ்ச் டைம் ஆயிடுச்சு, கூட்டம்."

"இப்ப இருக்காரா தம்பி?"

எதிர்முனையில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"அந்தச் சிரிப்பு ஷோ ஓடுச்சுல்ல. அப்ப எந்திரிச்சு நின்னுட்டாரு. 'என் வைஃப், என் வைஃப்'னு டிவியைக் காட்டறாரு. அவ்ளோ சந்தோஷம் அவருக்கு. எங்க பசங்க நம்பல. 'அங்கிள், எனக்கும் அந்த ஹீரோயின்தான் வைஃப்'னு கலாய்ச்சானுங்க. நானும் சிரிச்சேன் ஆன்டி, பொய் சொல்லல. திரும்பத் திரும்ப நீங்க வந்தீங்க. வர வர அவரு முகம் மாறிடுச்சு. அப்புறம் சும்மா உக்காந்தே இருந்தாரு. பிள்ளைங்க ப்ரோகிராம் நடுவுல இன்னொரு தடவை வந்தீங்க. அப்பதான்..."

"அப்பதான்?"

"'இவ என்னைத் தேடல'ன்னாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு."

கௌசிகன் காதிலிருந்த கருவியைக் கழற்றினான். மேலே யாரோ அவனை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்னக் குரல் அவன் உள்ளங்கையில் கீச்சிட்டது.

"அந்த விளம்பரத்த நிறுத்துங்க," என்றாள் புஷ்பவல்லி.

அவனுக்கு விளக்கத்தான் தெரியும். விளக்கினான். "இன்னிக்கி லிஸ்ட் லாக் ஆயிடுச்சு ஆன்டி. மாத்தணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும், ரெண்டு பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க. நாளைக்கு காலையில அந்த ஷோ ரிப்பீட் வேற இருக்கு."

"நான் இப்ப பேசினது? அது ரிப்பீட் வருமா?"

அவன் ஜனகாவைப் பார்த்தான்.

"செய்திக்கு ரிப்பீட் கிடையாது ஆன்டி," என்றாள் ஜனகா.

ஜனகாவே காரை எடுத்தாள். இருவரும் சுங்கை பூலோ போய்ச் சேர்ந்தார்கள். கடை ஆட்கள் மோட்டாரில் தண்டவாளப் பக்கமும் பெரிய கால்வாய்ப் பக்கமும் தேடப் போயிருந்தார்கள். ஜெயராஜ் ஈரக் கையோடு ஓடி வந்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். யாரும் அதில் உட்காராமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மேசையில் பாதி குடித்த கோப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

புஷ்பவல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் சுவரில் உயரத்தில் டிவி. யாரோ ஒருவர் மண்ணில்லாமல் காய்கறி வளர்ப்பதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அது முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் ஓர் ஓட்டை.

அவள் திரையில் வந்தாள். தலையைச் சாய்த்து, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

தட்டு எடுக்க வந்த ஆள் திரையைப் பார்த்தான், பிறகு நீலப் புடவையைப் பார்த்தான். சட்டென்று துணியைப் போட்டுவிட்டு ரிமோட்டைத் தேடினான்.

"ஆஃப் பண்ணிடறேன் ஆன்டி."

அவர் திரும்பி வந்தால் இந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வருவார். அலை எட்டு ஓடாத கடைக்குள் அவர் கால் வைக்க மாட்டார். ஓடினால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஓட்டை விழும்.

"வேணாம் தம்பி," என்றாள் புஷ்பவல்லி. "ஓடட்டும்."

அவள் நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.